லூவர், அறை எண் 227: ஹம்முராபியின் கல்லுக்கு ஒரு வழக்கறிஞரின் பரிந்துரை

பாரிசுக்குப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் நான் ஒன்றைத்தான் சொல்வேன். லூவர் அருங்காட்சியகத்தின் ரிஷெலியூ பகுதியில், தரைத்தளத்தில், 227ஆம் எண் அறை இருக்கிறது. வேறு எதைப் பார்க்கிறீர்களோ இல்லையோ, அங்கே ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். ஆளைவிட உயரமான ஒரு கரிய கல் அங்கே நிற்கிறது. உயரம் 2.25 மீட்டர். பாபிலோனை கி.மு. 1792 முதல் 1750 வரை ஆண்ட ஹம்முராபியின் சட்டங்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. பள்ளிப் பாடப்புத்தகத்தில் தபால்தலை அளவில் பார்த்த படத்தை வைத்துக்கொண்டு அந்தக் கல்லை எடைபோட்டுவிட வேண்டாம்.

நான் நாகப்பட்டினம் பக்கத்தில் சிவில் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். பாகப்பிரிவினை, குத்தகைப் பாக்கி, புரோநோட்டு, வாய்க்கால் தகராறு ஆகியவைதான் என் அன்றாட வேலை. எனவே இந்த மதிப்புரை கலை ரசிகரின் பார்வையில் இருக்காது. நாள் முழுக்க பிராதும் எதிருரையும் படிக்கிற ஒருத்தி, மூவாயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சட்ட ஆவணத்தின் முன்னால் நின்றபோது கண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ஒரு சுற்றுலா நிறுவனத்தின் குழுவோடு போயிருந்தேன், பெயர் வேண்டாம். வழிகாட்டி எங்களை அந்த அறைக்குள் வேகமாக அழைத்துவந்து, "உலகத்தின் முதல் சட்டப் புத்தகம், கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்" என்று சொல்லிவிட்டு, படம் எடுக்க இரண்டு நிமிடம் கொடுத்து, மோனாலிசாவைப் பார்க்க விரட்டினார். அவர் சொன்னதில் பாதி தவறு, மீதி அரைகுறை. அத்தனை தொலைவு பயணம் செய்து, அத்தனை பணம் கட்டி வந்தவர்களுக்கு இது அநியாயம். குழுவோடு போகிறீர்கள் என்றால், இந்த அறைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்று பணம் கட்டும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தனியாகப் போங்கள்.

நான் மறுபடி தனியாகப் போனேன். என் அக்கா மகள் லா ஷப்பேல் பக்கம் குடியிருக்கிறாள். அவளும் கூட வந்தாள். லூயி பிளாங்க் நிலையத்தில் 7ஆம் எண் மெட்ரோவில் ஏறினால் வழியில் மாறாமல் அருங்காட்சியகத்தின் வாசலிலேயே, பாலே ருவாயால் நிலையத்தில், இறங்கிவிடலாம். கண்ணாடிப் பிரமிடின் அடியில் ரிஷெலியூ என்று எழுதிய வழியாக நுழைந்தால், கோர்சாபாத் முற்றத்தில் இரண்டாம் சர்கோன் அரண்மனையின் சிறகு முளைத்த மனிதத் தலைக் காளைகள் மலைபோல நிற்கும். பெரும்பாலோர் அங்கேயே வாய்பிளந்து நின்றுவிடுகிறார்கள். அந்தக் காளைகள் அசீரியருடையவை. ஹம்முராபிக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியவை. பார்த்துவிட்டு அடுத்த அறைக்கு வாருங்கள்.

கல்லின் முன்னால் எல்லோரும் நிமிர்ந்து மேலே இருக்கும் சிற்பத்தையே பார்க்கிறார்கள். சிற்பம் அழகுதான். சூரியக் கடவுளும் நீதியின் கடவுளுமான ஷமாஷ் கொம்புகள் வைத்த கிரீடம் தரித்து ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார். தோள்களிலிருந்து சுடர் எழுகிறது. எதிரே ஹம்முராபி வலக்கையை முகத்துக்கு நேரே உயர்த்திப் பணிவாக நிற்கிறார். கடவுள் அவரிடம் ஒரு கோலையும் வளையத்தையும் நீட்டுகிறார். கடவுள் சட்டத்தைக் கொடுக்கும் காட்சி இது என்று பலரும் சொல்கிறார்கள். கையில் இருப்பது கோலும் வளையமும்தான். அவை அதிகாரத்தின் சின்னங்கள். கீழே இருக்கும் சட்டங்களைத் தன் சொல் என்றே அரசன் கல்வெட்டில் உரிமை கொண்டாடுகிறான். நீதி வழங்கும் பொறுப்பு கடவுளிடமிருந்து வந்தது, சட்டத்தின் வாசகம் அரசனுடையது. என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய வேறுபாடு. மனிதன் எழுதிய சட்டம் என்றால் அதை இன்னொரு மனிதன் திருத்தலாம், வாதாடலாம், மறுக்கலாம்.

சிற்பத்தைப் பார்த்த பிறகு அருகில் போய்க் கீழே பாருங்கள். சுற்றி வர இடம் இருக்கிறது. பின்பக்கம் போக மறக்காதீர்கள். சட்டங்களில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அங்கே நிற்க ஆளே இருக்காது. ஆப்பு வடிவ எழுத்துகள் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் கிடைக்கோட்டுப் பட்டைகளாகக் கல்லைச் சுற்றி ஓடுகின்றன. மொழி அக்காதியம். அக்காதியம் படித்தவர்களே தலையைப் பக்கவாட்டில் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். களிமண் பலகையில் எழுத்துகளைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து எழுதும் பழக்கம் வந்த பிறகும், கல்லுக்கென்று பழைய மரபில் நிமிர்த்தி வெட்டியிருக்கிறார்கள். அரசாணைக்கு ஒரு பழமையின் கம்பீரம் வேண்டும் என்று அன்றைக்கே யாரோ நினைத்திருக்கிறார்கள்.

"சித்தி, எண் எதுவும் போடவில்லையே, ஒரு சட்டம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது?" என்று அக்கா மகள் கேட்டாள். நல்ல கேள்வி. கல்லில் எண்கள் கிடையாது. நாம் சொல்லும் 282 என்ற கணக்கு, இதை முதலில் படித்து 1902ல் வெளியிட்ட பிரெஞ்சுத் துறவி ழான் வென்சான் ஷேய் போட்டது. சட்டங்களில் பெரும்பாலானவை 'ஒருவன் இன்னது செய்தால்' என்று தொடங்குகின்றன. அந்த முதல் ஆப்புக் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டால் அது திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். கைப்பேசியில் அதன் படத்தை வைத்துக்கொண்டு அவள் பின்பக்கம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள். குழந்தைகளோடு போகிறவர்கள் இதைச் செய்யலாம், சலிப்பு தட்டாது.

இனி சட்டங்களுக்கு வருகிறேன். மொழிபெயர்ப்பை முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். இணையத்தில் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் விளக்கம் எதையும் அங்கே எதிர்பார்க்க முடியாது.

என்னை அந்தக் கல்லின் பின்பக்கம் போகும் முன்பே பிடித்து நிறுத்தியவை நீர்ப்பாசனச் சட்டங்கள். 53ஆம் சட்டம்: ஒருவன் தன் வயற்கரையைப் பலப்படுத்தாமல் சோம்பி இருந்து, கரை உடைந்து, அக்கம்பக்கத்து வயல்கள் தண்ணீரில் மூழ்கினால், அழிந்த தானியத்துக்கு அவன் ஈடு கட்ட வேண்டும். 54: ஈடு கட்ட வழியில்லை என்றால் அவனையும் அவன் உடைமையையும் விற்று, வரும் வெள்ளியைப் பயிர் இழந்தவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 55: பாசனத்துக்கு வாய்க்காலைத் திறந்தவன் அசட்டையாக இருந்து பக்கத்து வயலைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனால், அக்கம்பக்கத்து விளைச்சலைப் பார்த்து அந்த அளவுக்குத் தானியம் அளக்க வேண்டும். ஆளையே விற்பதை விட்டுவிடுங்கள். அது அந்தக் காலத்தின் கொடுமை. ஆனால் நஷ்டத்தைக் கணக்கிடும் முறையைப் பாருங்கள். அழிந்த வயலில் என்ன விளைந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே பக்கத்து வயலில் விளைந்ததை அளவுகோலாக வைக்கிறார்கள். எங்கள் ஊர் நீதிமன்றத்தில் பயிர் நஷ்ட வழக்கில் நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனர் ஸ்தலத்துக்குப் போனால் இன்றைக்கும் இதைத்தான் செய்வார். அதே பிரச்சினைக்கு அதே அறிவு தீர்வு கண்டிருக்கிறது.

யூப்ரடீஸ் ஆற்றையும் அதன் வாய்க்கால்களையும் நம்பித்தான் அந்த நாடே இருந்தது. பாபிலோனியர்கள் ஆண்டுகளுக்கு எண் போடவில்லை, பெயர் வைத்தார்கள். ஹம்முராபியின் 33ஆம் ஆட்சியாண்டுக்கு அவர் வெட்டிய வாய்க்காலை வைத்தே பெயர். 'ஹம்முராபியே மக்களின் வளம்' என்பது அந்த வாய்க்காலின் பெயர். அந்த மண்ணில் கரையைக் கவனிக்காமல் விடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது 48ஆம் சட்டம். இதை நான் இதுவரை சந்தித்த ஒவ்வொரு கந்துவட்டிக்காரருக்கும் படித்துக் காட்ட ஆசைப்படுகிறேன். ஒருவனுக்குக் கடன் இருக்கிறது. புயலோ வெள்ளமோ பயிரை அழித்துவிட்டது, அல்லது தண்ணீர் இல்லாமல் விளையவே இல்லை. அந்த ஆண்டு அவன் கடன் கொடுத்தவருக்குத் தானியம் தர வேண்டியதில்லை. தன் கடன் பத்திரத்தைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டுக்கு வட்டியும் இல்லை. பத்திரம் களிமண் பலகை. நனைத்தால் இளகும், திருத்தி எழுதலாம். வானம் பொய்த்ததற்குக் குடியானவன் பொறுப்பல்ல என்பதைக் கல்லில் வெட்டி வைத்த அரசனை எனக்குப் பிடித்துப்போயிற்று. 117ஆம் சட்டமும் இதன் கூடவே வருகிறது: கடனுக்காக மனைவியையோ மக்களையோ வேலைக்கு ஒப்புக்கொடுத்தால், மூன்று ஆண்டு உழைத்த பிறகு நான்காம் ஆண்டு அவர்களை விடுவித்தாக வேண்டும். கொத்தடிமை முறையை ஒழிக்கவில்லை. ஒரு வரம்பு கட்டியிருக்கிறார்கள். வரம்பே இல்லாத கொத்தடிமைத்தனத்தை நம் காலத்திலும் பார்த்தவர்கள் அந்த வரம்பின் மதிப்பை அறிவார்கள்.

கல்லின் முன்பக்க அடியில் ஒரு பகுதி எழுத்தில்லாமல் வழவழவென்று இருக்கும். இதைத் தவறவிடாதீர்கள். ஹம்முராபிக்கு அறுநூறு ஆண்டுகளுக்குப் பின், கி.மு. 12ஆம் நூற்றாண்டில், ஏலாம் நாட்டு அரசன் ஷுட்ருக் நஹ்ஹுன்டே மெசபடோமியாவைக் கொள்ளையடித்து இந்தக் கல்லைத் தன் தலைநகர் சூசாவுக்குக் கொண்டுபோனான். அவன் ஆட்கள்தான் அந்தப் பத்திகளைத் தேய்த்து அழித்ததாகக் கருதப்படுகிறது. தன் பெயரை வெட்டிக்கொள்ளத்தான் இடம் செய்திருப்பான். ஆனால் அங்கே எதுவும் எழுதப்படவில்லை. 66 முதல் 99 வரை எண் கொடுத்திருக்கும் சட்டங்கள் கல்லில் இல்லாமல் போனது இப்படித்தான். கல்வெட்டின் முடிவுரையில், தன் சொல்லை அழிக்கும் அரசன்மேல் ஹம்முராபி நீண்ட சாபமிடுகிறான். அது ஏலாம் அரசனைத் தடுக்கவில்லை.

அந்த இழப்பை ஓரளவு ஈடு செய்தவை களிமண் பலகைப் பிரதிகள். வட்டி விகிதம் நமக்குத் தெரிய வந்தது அவற்றால்தான்: தானியக் கடனுக்கு மூன்றில் ஒரு பங்கு, வெள்ளிக் கடனுக்கு ஐந்தில் ஒரு பங்கு. அரசன் வட்டிக்கு உச்சவரம்பு வைத்த இடத்தை இன்னொரு அரசன் அழித்தான். எழுதப் பழகிய பள்ளி மாணவர்களின் பிரதிகள் அதைக் காப்பாற்றின. ஹம்முராபிக்குப் பின் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தர்கள் இதைப் படியெடுத்துக்கொண்டே இருந்தார்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் நினிவேயில் அசீரிய அரசன் அஷுர்பானிபால் சேர்த்த நூலகத்திலும் பிரதிகள் இருந்தன. நீடித்த செல்வாக்கு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த எழுத்தர்கள்தான். பாபிலோன் எத்தனையோ கைகள் மாறிய பிறகும் சட்டத்தை மாணவனுக்குப் பாடமாகக் கொடுத்தார்கள்.

இந்த அறைக்கு வருகிறவர்கள் 'கண்ணுக்குக் கண்' என்பதைத் தேடுகிறார்கள். அது 196ஆம் சட்டம். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. 198, 199 வரை படிக்க வேண்டும். சுதந்திரமான மேல்தட்டு மனிதனின் கண்ணைக் கெடுத்தால், கெடுத்தவன் கண் போகும். அவனுக்குக் கீழ்ப்பட்ட குடியின் கண்ணைக் கெடுத்தால் ஒரு மினா வெள்ளி, அதாவது ஏறக்குறைய அரைக் கிலோ. அடிமையின் கண் என்றால் அவன் விலையில் பாதி, அதுவும் எஜமானனுக்கு. இதைச் சமநீதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தட்டுக்கு ஒரு விலை வைத்த சட்டம் இது. 'உலகத்தின் முதல் சட்டம்' என்பதும் சரியில்லை. 'ஊர்' என்ற பெயருள்ள நகரத்தின் அரசன் ஊர்-நம்முவின் சட்டங்கள் இதைவிட முந்நூறு ஆண்டு பழையவை. அந்தப் பலகையை 1952ல் ஆய்வாளர் சாமுவேல் நோவா கிரேமர் இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் அடையாளம் கண்டார். அதில் கண்ணைக் கெடுத்தவன் அரை மினா வெள்ளி கட்ட வேண்டும், அவ்வளவுதான். காட்டுமிராண்டிப் பழியிலிருந்து மெல்ல நஷ்டஈட்டுக்கு மனிதன் முன்னேறினான் என்ற ஒழுங்கான கதை இங்கே எடுபடாது. பணம் முதலில் வந்தது. கண்ணுக்குக் கண் பிறகு வந்தது.

கட்டடம் கட்டுபவர்கள் 229, 230ஐப் பார்க்க வேண்டும். கட்டிய வீடு உறுதியில்லாமல் இடிந்து வீட்டுக்காரர் இறந்தால் கட்டியவனுக்கு மரணம். வீட்டுக்காரரின் மகன் இறந்தால் கட்டியவனின் மகனுக்கு மரணம். இந்த இரண்டாவதைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. தவறு செய்யாத பிள்ளையை அப்பன் கணக்கில் பற்று எழுதுவதை எந்தக் காலத்தின் பெயரைச் சொல்லியும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் 232, 233ல் இருப்பது வேறு: இடிந்த வீட்டைத் தன் சொந்தச் செலவில் மறுபடி கட்டிக்கொடுக்க வேண்டும், சாய்ந்த சுவரைத் தன் வெள்ளியில் பலப்படுத்த வேண்டும், பாழான பொருளுக்கு ஈடு தர வேண்டும். அடுக்குமாடி வாங்கி விரிசலோடு வாழ்கிறவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து கேட்பதும் இதுதான்.

பெண்களைப் பற்றிய சட்டங்களை நான் இரண்டு மனத்தோடுதான் படித்தேன். 129ல் கள்ள உறவில் பிடிபட்ட இருவரையும் கட்டி ஆற்றில் போடச் சொல்கிறது. 142, 143ல் கணவனோடு வாழ மாட்டேன் என்ற மனைவியின் நடத்தையை ஊரார் விசாரிக்கிறார்கள். அவள்மேல் குற்றமில்லை, கணவன்தான் அவளை இழிவுபடுத்துகிறான் என்றால் சீதனத்தை எடுத்துக்கொண்டு தகப்பன் வீட்டுக்குப் போகலாம். குற்றம் அவளுடையது என்றால் ஆற்றில் போடுவார்கள். ஒரே விசாரணையின் ஒரு முனையில் விடுதலை, மறுமுனையில் சாவு. ஆனால் 148ஐ நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மனைவியை ஒரு நோய் பிடித்துவிட்டது. கணவன் இன்னொருத்தியை மணக்க நினைத்தால் மணக்கலாம். ஆனால் நோயாளி மனைவியை விவாகரத்து செய்யக் கூடாது. அவன் கட்டிய வீட்டில் அவள் இருப்பாள், அவள் உயிரோடு இருக்கும்வரை அவன் சோறு போட வேண்டும். 149: அங்கே இருக்க அவளுக்கு விருப்பமில்லை என்றால் சீதனத்தை முழுதாகக் கொடுத்து அனுப்ப வேண்டும். முடிவை அவளிடம் விட்டிருக்கிறார்கள். ஜீவனாம்ச வழக்குகளில் நோய்வாய்ப்பட்ட பெண்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, இதை எழுதச் சொன்னவன் அப்படி ஒரு பெண்ணின் முறையீட்டைக் காதால் கேட்டிருப்பான் என்றே தோன்றுகிறது.

நீதித்துறையைச் சேர்ந்தவர்கள் 5ஆம் சட்டத்தின் முன் கொஞ்சம் நிற்கலாம். தீர்ப்பு சொல்லி, முத்திரையிட்ட ஆவணமும் கொடுத்துவிட்டு, பிறகு தீர்ப்பை மாற்றிய நீதிபதி, வழக்கின் மதிப்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு கட்ட வேண்டும். சபை நடுவே அவரை ஆசனத்திலிருந்து எழுப்பிவிட வேண்டும். மறுபடி நீதிபதிகளோடு உட்கார முடியாது. 7ஆம் சட்டம் சாட்சியும் பத்திரமும் இல்லாமல் அடுத்தவரின் மகனிடமோ அடிமையிடமோ பொருள் வாங்கியவனைத் திருடன் என்கிறது, தண்டனை மரணம். தண்டனை கடுமைதான். ஆனால் எழுத்தில் இல்லாத பரிவர்த்தனையை நம்பாதே என்று கட்சிக்காரர்களிடம் தினமும் சொல்லும் எனக்கு, அந்தக் கவலை புரிகிறது.

இந்தச் சட்டங்களை நீதிமன்றங்கள் உண்மையில் பயன்படுத்தினவா என்பது அறிஞர்களிடையே நீண்ட வாதம். அந்தக் காலத்து ஒப்பந்தங்களும் தீர்ப்புகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் இந்தக் கல்லை மேற்கோள் காட்டுவது ஏறக்குறைய இல்லை. அதனால் இது சட்டப் புத்தகமே இல்லை, அரசன் தன் நீதியைப் பறைசாற்றிய கல்வெட்டு அல்லது நீதி அறிவின் தொகுப்பு என்பார்கள். பிரெஞ்சு அறிஞர் ழான் பொத்தெரோ அந்தப் பக்கம் வலுவாக வாதாடியவர். நான் முழுதும் அந்தப் பக்கம் சாய மாட்டேன். ஹம்முராபி தன் அதிகாரி ஷமாஷ்-ஹாசிருக்கு எழுதிய கடிதங்கள் இதே லூவரின் சேகரிப்பில் இருக்கின்றன. நிலத்தை இழந்த ஒருவனின் முறையீட்டைக் கேட்டுவிட்டு, நிரந்தர உரிமையாய் உள்ள நிலத்தைப் பறிப்பதுண்டா, விசாரித்து, பரம்பரை நிலமானால் திருப்பிக் கொடு என்று ஒரு கடிதத்தில் உத்தரவிடுகிறான். ஒரு வயலுக்காகக் கடிதம் எழுதிய அரசன், வயல்களைப் பற்றி அத்தனை சட்டங்களை வெறும் பெருமைக்காக வெட்டிவைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக முடிவுரை இருக்கிறது. வழக்கு உள்ள, அநீதி இழைக்கப்பட்ட மனிதன் என் உருவத்தின் முன் வரட்டும், எழுதிய இந்தக் கல்லைப் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும், தன் வழக்கு என்னவென்று தெளியட்டும், அவன் நெஞ்சு ஆறட்டும் என்கிறது அது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றே எழுதியிருக்கிறார்கள். என் உரிமை என்ன என்று பார்க்க ஓர் இடம் இருக்கிறது, போய்க் கேட்கலாம் என்ற எண்ணத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன பழைய ஆவணம் வேறு எனக்குத் தெரியாது.

பிற்காலச் செல்வாக்கைப் பற்றிச் சொல்லும்போது நிதானம் வேண்டும். முட்டும் மாட்டை எடுத்துக்கொள்வோம். 250: தெருவில் போகிற மாடு ஒருவனை முட்டிக் கொன்றால் வழக்கு இல்லை. 251: முட்டும் மாடு என்று ஊரார் எச்சரித்தும் உடையவன் கொம்பை மறைக்கவில்லை, மாட்டைக் கட்டவில்லை, அது ஒருவனைக் கொன்றது என்றால் அரை மினா வெள்ளி. விவிலியத்தின் யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் இதே மாடும் இதே எச்சரிக்கையும் வருகின்றன, தண்டனை வேறு. இரண்டுக்கும் இடையே நேரடி வழியா, பொது மரபா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். தொடர்பே இல்லை என்று சொல்பவர்கள் குறைவு. பிராணியின் குணம் உடையவருக்கு முன்பே தெரியுமா என்ற கேள்வி, கடிநாய் வழக்கில் இன்றும் முதலில் எழும் கேள்வி. ஆனால் நம் சட்டங்கள் பாபிலோனிலிருந்து நேராக இறங்கி வந்தவை என்று சொல்வது மிகை. ரோமச் சட்டமும் ஆங்கிலேயர் சட்டமும் வளர்ந்த காலத்தில் இந்தக் கல் சூசாவின் மண்ணுக்கடியில் கிடந்தது. 1901 டிசம்பரில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழாக் தெ மோர்கனின் குழு தோண்டியெடுக்கத் தொடங்கும்வரை எந்தச் சட்ட நிபுணரும் இதைப் படித்ததில்லை. அதன் பிறகு வந்தது மரியாதை. வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்தின் சுவர்ச் சிற்பத்தில் பெரும் சட்டம் வகுத்தவர்களின் வரிசையில் ஹம்முராபி நிற்கிறார். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலும் அவர் முகம் உண்டு.

கல் பாரிசுக்கு வந்த கதையையும் தெரிந்துகொண்டு போங்கள். இராக்கின் மண்ணில் பிறந்து, ஏலாமியர் கொள்ளையடித்து இன்றைய ஈரானுக்குக் கொண்டுபோய், 1900ல் ஈரானின் ஷா பிரான்சுக்குக் கொடுத்த ஒப்பந்தத்தின்படி சூசாவில் கிடைத்ததெல்லாம் பிரான்சுக்கு என்றாகி, இங்கே வந்து சேர்ந்தது. முதல் கைமாற்றம் கொள்ளை, இரண்டாவது பத்திரப்படி. அந்தப் பத்திரத்தின் நியாயத்தைப் பற்றி எனக்குக் கேள்வி உண்டு. பாக்தாத் அருங்காட்சியகத்தில் பள்ளிக் குழந்தைகள் பார்ப்பது நகலைத்தான் என்பது மனத்தை உறுத்துகிறது.

அறையில் இன்னும் இரண்டைப் பார்க்காமல் வராதீர்கள். ஹம்முராபியின் உயிருக்காக நேர்ந்துகொண்டு லார்சா நகரில் வைக்கப்பட்ட, முகத்திலும் கையிலும் பொன்தகடு போர்த்திய, ஒற்றை முழங்காலில் மண்டியிட்ட சிறு வெண்கல மனிதன் ஒன்று. மாரி என்ற நகரத்து அரண்மனையின் சுவரோவியம் இன்னொன்று. அந்த மாரியைத்தான் ஹம்முராபி பின்னர் பிடித்து இடித்தான். நீதி அரசன் என்று கல்லில் எழுதிக்கொண்டவன் என்ன செய்தான் என்பதும் அதே அறையிலேயே இருக்கிறது.

நினைவுப் பொருள் வாங்க நினைப்பவர்களுக்கு: நகரத்தில் ஒரு கடையில் கையளவு பிசின் நகலை வாங்கினேன். எழுத்தென்று கோணல் கீறல்களைப் போட்டிருக்கிறார்கள், பின்பக்கம் வெறுமை. சட்டமே இல்லாத சட்டக்கல். வாங்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில் நீங்களே நான்கு பக்கமும் படம் எடுங்கள், மின்னொளி இல்லாமல். பக்கவாட்டு ஒளி விழும் கோணத்தில் எழுத்தின் பள்ளம் தெளிவாகத் தெரியும்.

கட்டணம், நான் போன 2024ல், 22 யூரோ. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு அது 32 யூரோ ஆகியிருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இலவசம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. புதன், வெள்ளி இரவு நீண்ட நேரம் திறந்திருக்கும். மாலையில் போனால் இந்தப் பக்கம் கூட்டம் குறைவு. நுழைவு நேரத்தை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். 32 யூரோ நமக்குப் பெரிய தொகைதான். சட்டக் கல்லூரி மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் பாரிசுக்குப் போனால் தயங்காமல் கொடுக்கலாம். 48, 53, 55, 148 ஆகிய நான்கையும் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். சிற்பத்துக்கு ஐந்து நிமிடம் போதும். மீதி நேரத்தைப் பின்பக்கத்துக்குக் கொடுங்கள்.